உருகச் சொல்லிக் கேட்ட ஹமீது பீவி

அம்பாசமுத்திரத்தில் ஹமீது பீவி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். ‘ஐஸ்காரி வீடு’ என்று கேட்டுப் பாருங்கள், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவள் தலையைக்கூட நிமிர்த்தாமல் வழி சொல்லிவிடுவாள். நதியுண்ணிக் கால்வாயை ஒட்டின சந்து, ஓட்டு வீடு, உள்ளே ஒரு தையல் மெஷின், ஒரு கட்டில், ஒரு ஆள். குச்சி ஐஸ் இருக்கா என்று வாசலில் வந்து நின்ற வெளியூர்ப் பிள்ளைகள் உண்டு. அவள் ஐஸ் விற்கிறவள் இல்லை. வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ்கூடக் கிடையாது. இமயமலையில் ஒரு பனியாறு எப்போது உருகும் என்று இருபத்தெட்டு வருசமாகக் காத்துக் கிடந்தவள், அவ்வளவுதான்.

அதிலே உள்ள கூத்தைப் பாருங்கள். மலையில ஐஸ் உருகுதே, உருகுதே என்று உலகமே கையைப் பிசைந்துகொண்டிருக்கிறது. மாநாடு போடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுவரில் படம் வரைகிறார்கள். இந்த ஒருத்தி மட்டும் தொழுகை முடிந்ததும் இரண்டு கையையும் ஏந்தி, ‘ரப்பே, அதைச் சீக்கிரம் உருக வை’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று அவளுக்கே தெரியும். அவள் காத்துக் கிடப்பது ஊருக்குத் தெரியும், இந்தத் துஆவை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் தாணுமாலையன். தச்சநல்லூர்க்காரர், சைவர். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு காலத்தில் வயலும் வரப்புமாக இருந்த குடும்பம். இவர் தலையெடுத்தபோது படிப்புதான் மிச்சம். அந்தப் படிப்பு அவரை டெல்லிக்குக் கொண்டுபோய், பனியாறுகளை அளக்கிற வேலையில் உட்கார வைத்தது. நம்ம ஊர் வெயிலில் பிறந்த மனுசனுக்கு இப்படியும் ஒரு வேலை! வருசா வருசம் புரட்டாசி வாக்கில் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு இமாச்சல மலைக்குப் போவார். ஒரே ஒரு பனியாறு. போன வருசம் எங்கே நின்றது, இந்த வருசம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குவார்.

ஹமீது பீவியின் புருசன் கனிக்கு அந்த டெல்லியில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. அவன் வைக்கிற தேங்காய்ப்பால் சொதியைத் தின்றுவிட்டுத் தாணுமாலையன் சொக்கிப் போனார். எங்க கல்யாண வீட்டுச் சொதியை ஒரு பாய் வீட்டுப் பையன் இப்படி வைக்கானே என்று வாயைப் பிளந்தார். “ஏலே கனி, எங்கூட மலைக்கு வாரியாலே? அங்க இருக்கவன் எல்லாம் பருப்பும் ரொட்டியும் போட்டே கொல்லுதான்” என்று கேட்டார். கனிக்கும் ஆசை. ஊரில் யாரும் பார்க்காத பனியைப் பார்த்துவிட்டு வந்து கதை அளக்கலாமே. போனான். இடுப்பில் நம்ம ஊர் ஆண்கள் கைலிக்கு மேல் கட்டுகிற அந்தப் பச்சை பெல்ட்டை, அத்தனை குளிரிலும் கம்பளி பேண்டுக்கு மேல் கட்டிக்கொண்டு நடந்தான். கூட வந்தவர்கள் சிரித்ததற்கு, “இது இல்லைன்னா எனக்கு இடுப்பே இல்லாத மாதிரி இருக்கும்” என்றானாம்.

மூன்றாவது தடவை போனபோது விழுந்தான். பனியாற்றின் மேல்பகுதியில் ஐஸ் வெடித்துப் பிளந்து கிடக்கும். புதுப்பனி விழுந்து அந்த வாயை மூடியிருக்கும். பார்க்கிறவனுக்குத் தரை மாதிரிதான் தெரியும். எல்லாரும் நடந்த தடத்தில்தான் அவனும் நடந்தான். அவன் கால் வைத்தபோது அது இடிந்து உள்ளே போயிற்று. கயிறு போட்டார்கள், பெயர் சொல்லிக் கத்தினார்கள், பொழுது சாயும் வரை கத்தினார்கள். உள்ளே இருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. இது நடந்தது தொண்ணூத்தாறாம் வருசம். ஹமீது பீவிக்குக் கல்யாணமாகி மூன்று வருசம், பிள்ளை கிடையாது.

செய்தியைத் தாணுமாலையன் தானே நேரில் கொண்டு வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து அந்தப் பெரிய மனுசன் பிள்ளை மாதிரி அழுதார். அவள் அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “சரி, அவிய எங்க?” என்று கேட்டாள். அவர் திரும்பத் திரும்ப நடந்ததைச் சொன்னார். அவளும் திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

மறுநாள் வெள்ளைப் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு கனியின் அக்கா நஃபீஸத் வந்தாள், கூட நாலு பொம்பளைகள். புருசன் மவுத்தானால் பொண்டாட்டி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்தி, வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது. அந்த நாட்களில் சொந்தக்காரப் பொம்பளைகள் முறை வைத்து வந்து கூட இருப்பார்கள், சோறு கொண்டு வருவார்கள், பேச்சுத்துணைக்குப் படுப்பார்கள். துக்கத்தை ஆற்றிக்கொள்ள மார்க்கம் கொடுத்த அவகாசம் அது. ஹமீது பீவி புடவையைக் கையால்கூடத் தொடவில்லை.

“மய்யித்தைக் காட்டுங்க மைனி, உக்காருதேன்.”

“ஏட்டி, அத்தனை பேரு பார்க்க விழுந்திருக்கான். இதுக்கு மேல என்ன காட்டணும்?”

“எனக்குக் காட்டணும். இத்தாவும் அப்பதான், அழுகையும் அப்பதான்.”

ஒற்றைக்காலில் நின்றாள். பள்ளிவாசல் ஆலிம்சா சொல்லி அனுப்பினார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு இன்னொரு கோபமும் இருந்தது. அவர்கள் மஹல்லாவில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, முன்னால் கிடத்தாமல் ஜனாஸா என்கிற அடக்கத் தொழுகை நடத்துகிற வழக்கம் இல்லை. “அவியளுக்குத் தொழுகை மட்டும் மய்யித்து வந்தாத்தான். எனக்கு வெள்ளை மட்டும் இப்பவேயா? இது எந்த ஊரு நியாயம்?” என்று கேட்டாள். நஃபீஸத் புடவையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவள், அப்புறம் அந்தப் படியை மிதிக்கவில்லை.

கழுத்தில் தாலிக் கருகமணி அப்படியே கிடந்தது. ஆனால் பாருங்கள், கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அவளை அழைக்கச் சங்கடம், புருசனைப் பறிகொடுத்தவள். துக்க வீட்டுக்காரர்களுக்கும் அவள் பக்கத்தில் உட்காரச் சங்கடம், இத்தா இருக்காதவள். இரண்டிலும் சேராமல் நடுவில் நின்றாள். முதலில் அழைப்புகள் குறைந்தன, பிறகு நின்றன. பெருநாள் அன்று தட்டு வரும், ஆள் வராது. அவள் நைட்டி தைத்துக் கடைக்குக் கொடுத்துப் பிழைத்தாள். ராத்திரிச் சோற்றைத் தனக்கு மட்டும் பொங்கப் பழகவே அவளுக்கு ரொம்ப நாளாயிற்று. மிஞ்சியதைக் கால்வாய்ப் படித்துறையில் மீனுக்குப் போட்டாள்.

அடுத்த வருசம் மலையிலிருந்து இறங்கின கையோடு தாணுமாலையன் வந்தார். அவள் கதவுக்கு உள்பக்கம், அவர் வெளியே.

“தங்கச்சி, ஒண்ணு சொல்லுதேன். கனி விழுந்த இடத்துலயே இருக்க மாட்டான்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அது கல்லுப்பாறை இல்ல, பனியாறு. மேல விழுத பனி வருசா வருசம் ஒண்ணுமேல ஒண்ணா அமுங்கி ஐஸாயிரும். அதோட பாரமே அதைப் பைய பைய கீழ தள்ளும். நாம நின்னு பார்த்தா தெரியாது, ஆனா நடந்துட்டேதான் இருக்கும். கீழ வர வர வெக்கை. அங்க உருகி ஆறா ஓடும். அந்த அடிமுனையை நாங்க மூக்குன்னு சொல்லுவோம்.”

“மூக்கா?”

“மூக்குதான். எப்பவும் ஒழுகிட்டே இருக்கும்லா.”

ஒரு வருசமாக அசையாத அவள் உதடு லேசாக அசைந்தது. அவர் மேலே சொன்னார். “மேல விழுந்த எதையும் அது வச்சுக்காது. தூக்கிட்டு வந்து மூக்குல போட்டுரும். கல்லு, மரம்…” என்று இழுத்தார்.

“மனுசன்” என்று அவள் முடித்தாள். “எப்ப போடும்?”

“பழைய குளிரே இருந்துச்சுன்னா நம்ம காலத்துல இல்ல தாயி. ஆனா இப்ப வெக்கை கூடுது. மேல சேருதது கம்மி, கீழ உருகுதது ஜாஸ்தி. அதனால மூக்கு மேல ஏறிட்டே போவுது. அங்கன இருந்து கனி கீழ வாரான், இங்கன இருந்து மூக்கு மேல போவுது. ரெண்டும் எங்கனயாவது சந்திச்சுத்தான் ஆகணும்.”

அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, கணக்கு தெரிந்து சொன்னாரா, அவருக்குத்தான் வெளிச்சம். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மய்யித்து வரும். வந்தால் ஜனாஸா உண்டு, இத்தா உண்டு. அந்த நாலு மாசம் பத்து நாள் தன் பெயருக்கு எங்கேயோ பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, வரவேண்டிய அன்றைக்கு வரும் என்று நினைத்துக்கொண்டாள். இத்தாவைத் தள்ளிப்போட முடியும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டாள், பாவி.

அதிலிருந்து வருசத்துக்கு ஒரு தடவை தாணுமாலையன் மலைச் சேதி தாக்கல் சொல்வார். முதலில் பஸ் ஸ்டாண்ட் எஸ்.டி.டி. பூத்துக்கு, பிறகு அவள் கைபேசிக்கு. “இந்த வருசமும் மூக்கு மேல ஏறியிருக்கு தங்கச்சி” என்பார், எவ்வளவு என்பார். அன்று முழுக்க அவள் மெஷின் வேகமாக ஓடும். ஒரு தடவை பக்கத்து வீட்டு டிவியில் இமாச்சலத்தில் பனி கொட்டுகிறதைக் காட்டினார்கள். மரம், வீடு, காரெல்லாம் மூடிக் கிடக்கிறது. தொப்பியும் கையுறையும் போட்ட பிள்ளைகள் பனியை உருட்டி விளையாடுகிறதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். பூத்துக்கு ஓடினாள்.

“அண்ணாச்சி, அங்கன பனியாக் கொட்டுதாம்லா! எல்லாம் போச்சா?”

“பதறாத. காரையாத்துல மழை பேஞ்சா உங்க வீட்டுக் கால்வாய்ல உடனேவா தண்ணி வருது? அணையில நிறைஞ்சு, திறந்துவிட்டு, ஓடி வரணும்லா. இதுக்கு அப்படிப் பல வருசம் ஆவும். இந்த வருசப் பனி மூக்குக்குத் தெரிய வெகு காலம் கிடக்கு. இப்ப மூக்கு ஏறுததே எப்பவோ கூடின வெக்கைக்குத்தான். சின்ன பனியாறுன்னா சட்டுன்னு சுதாரிக்கும். இது பெருசு, நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. அடிச்சா உடனே அழாது.”

“யாரைக் குத்திக் காட்டுதீய?”

அந்தப் பக்கம் அவர் பதறிப்போய், ஐயையோ அப்படிச் சொல்லவில்லை என்று என்னென்னவோ சொன்னார். அவள் போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தாள். அவளைச் சிரிக்க வைக்க அந்த ஒரு மனுசன்தான் இருந்தார், அதுவும் வருசத்துக்கு ஒரு தடவை.

வருசங்கள் ஓடின. தாணுமாலையன் வேலையை விட்டு ஓய்ந்து தச்சநல்லூருக்கே வந்தார். அவர் மனைவி பிரம்மநாயகி போய்ச் சேர்ந்தாள், மகன் வெளிநாட்டில். மலைக்கு இப்போது போகிறவன் அவரிடம் படித்த சுந்தர் என்கிறவன். அவன் அங்கிருந்து சொல்ல, இவர் இங்கே சொல்லுவார். நடுவில் ஒரு கெட்ட செய்தியும் வந்தது. உருகி உருகி ஐஸ் மெலிந்துவிட்டதாம். மெலிந்தால் பாரம் குறையும், பாரம் குறைந்தால் நடை குறையும். மூக்கு ஏறுகிறது, ஆனால் கனி வருகிற வேகம் விழுந்துவிட்டது.

“அவியளைத் தூக்கிட்டு வருத ஐஸும் நோஞ்சானாப் போச்சா?” என்று அவள் அவரிடம் எரிந்து விழுந்தாள். அவர் என்ன செய்வார், ஐஸை அவரா மெலிய வைத்தார்? ஆனால் அவளுக்குக் கோபப்பட வேறு யாரும் இல்லையே.

பிறகு அந்த மார்கழி வெள்ளம் வந்தது. தாமிரபரணி கரையை மறந்து ஓடிய வருசம். கால்வாய்த் தண்ணீர் வாசலில் ஏறி, கட்டிலைத் தொட்டு, தையல் மெஷினை முக்கியது. பக்கத்து வீட்டு மாடியில் நனைந்த சேலையோடு உட்கார்ந்து அந்தச் செம்மண் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமான்கள் மிதந்து போயின. யாருடைய வீட்டு ஆடோ கத்திக்கொண்டே போயிற்று. தண்ணீர் வடிந்து, கைபேசிக்குச் சார்ஜ் ஏறினதும் அவள் முதலில் கூப்பிட்டது தச்சநல்லூருக்குத்தான். அங்கேயும் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

“அண்ணாச்சி, அந்த மூக்குக்குக் கீழ ஊரு இருக்கா?”

“இருக்கு. ஏன்?”

“உருகுத தண்ணி அங்கனயும் இப்படி வருமா?”

அவர் மறைக்கவில்லை. “வரும். மூக்குக்கு முன்ன ஏரி மாதிரித் தேங்கி நிக்கும். ஒருநாள் கரையை உடைச்சா ஊரை வழிச்சுட்டுப் போயிரும். வேற இடங்கள்ல போயிருக்கு. ஆனா நம்ம ஊருக்கு வந்தது மழை தங்கச்சி. இதுக்கும் நீ கேக்குத துஆவுக்கும் சம்பந்தம் கிடையாது.”

“அங்கனயும் பொம்பளைய இருப்பாவல்லா. கட்டில்ல ஏறி உக்காந்துட்டு.”

“இருப்பாவ.”

அன்றைக்கு அவள் கையேந்தியபோது வாய் வரவில்லை. இத்தனை வருசம் அவள் கண்ணுக்கு அந்த மலையில் ஐஸும் கனியும் மட்டும்தான் தெரிந்தார்கள். வேறு ஆள் கிடையாது. இப்போது முகம் தெரியாத யார் யாரோ அந்தத் தண்ணீர் ஓரத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ‘ரப்பே, உன் இஷ்டம்’ என்று மட்டும் சொல்லிக் கையை முகத்தில் தடவிக்கொண்டாள். அதோடு உருகச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டாள். மனசு வெறுமையாகிப் போயிற்று. கேட்பதற்கு ஒன்று இருந்தவரை அவளுக்கு ஒரு துணை இருந்தது, அதுவும் போனது.

அவள் கேட்காமல் விட்ட அந்த வருசம்தான் அது கொடுத்தது. ஆவணி பிறந்து கொஞ்ச நாளில், தாக்கல் வருகிற காலத்துக்கு முன்னாலேயே, தாணுமாலையன் கூப்பிட்டார். “தங்கச்சி, ஒரு போட்டோ அனுப்புதேன். பார்த்துட்டுச் சொல்லு.”

போட்டோவில் சாம்பல் நிற ஐஸ், கூழாங்கல், அதன் நடுவில் கசங்கின ஒரு பச்சை பெல்ட். வெள்ளை நூலில் அவளே ஓரம் அடித்துக் கொடுத்த பெல்ட். அந்தத் தையலை அவளுக்குத் தெரியாதா?

“அவிய பெல்ட்டுதான்” என்றாள்.

“ஆளும் முழுசா இருக்கான் தாயி. ஐஸு அப்படியே வச்சிருந்திருக்கு. முகம்கூட… சுந்தர் அனுப்பியிருக்கான். பார்க்கியா?”

“வேண்டாம். அந்த இளவட்டத்தை இந்தக் கிழவி பார்த்து என்ன செய்ய? அவிய என்னைய அடையாளம் கண்டுக்கிடவா போறாவ?” வெடுக்கென்று சொன்னாள். சொன்ன பிறகு ரொம்ப நேரம் கருகமணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டெல்லியில் ஒரு பள்ளிவாசல்காரர்களே குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, பெட்டியை மூடி அனுப்பினார்கள். தொழுகை மட்டும் எங்க ஊரில்தான் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மதுரை வரை விமானம், அங்கிருந்து ஆம்புலன்ஸ். தாணுமாலையன் மதுரைக்கே போய்ப் பெட்டியோடு கூட வந்தார். சந்து கொள்ளாத கூட்டம். இருபத்தெட்டு வருசமாக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் பார்க்க வந்தார்கள். ஒரு டிவிக்காரன் மைக்கை நீட்டினான். நஃபீஸத், ஆமாம் அதே நஃபீஸத், நரைத்த தலையும் வலிக்கிற முட்டியுமாக வந்து நின்று, “போலே அங்கிட்டு” என்று அவனை விரட்டினாள். தம்பி பெட்டியின் மேல் கையை வைத்துக் கதறினாள். ஹமீது பீவி அழவில்லை. மய்யித்து வந்தா அழுவேன்னு சொன்னாளே, இப்பவும் கல்லு மாதிரி நிக்காளே என்று பொம்பளைகள் முந்தானைக்குள் பேசிக்கொண்டார்கள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. உள்ளே தேடிப் பார்த்தாள். எதுவும் வரவில்லை.

மத்தியான லுஹர் முடிந்து ஜனாஸா தொழுகை நடந்தது. ஆண்கள் சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வேட்டியும் நெற்றியில் திருநீறுமாகத் தாணுமாலையனும் பின்னால் நடந்தார். முதியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்து, சந்தூக்கின் ஓரத்தில் தோள் கொடுக்க வைத்தாராம். கபுர்க் குழியில் மண் விழுந்தது. சாயங்கால அஸருக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்தெட்டு வருசம் காத்தது மூன்று மணி நேரத்தில் முடிந்துபோயிற்று.

ஹமீது பீவி உள்ளே போய்ப் துணிப்பெட்டியைத் திறந்து, புதிதாக வாங்கி வைத்திருந்த வெள்ளைப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “மைனி, ஆலிம்சாட்ட கேட்டுச் சொல்லுங்க. இத்தா இன்னைல இருந்தா, நாளைல இருந்தா?”

நஃபீஸத் ஆளனுப்பிக் கேட்டாள். பதில் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தா கிடையாதாம் ஏட்டி.”

“ஏன்?”

“மவுத்தான அன்னைல இருந்துதான் கணக்காம். மய்யித்து வந்த அன்னைல இருந்து இல்லையாம். நீ இருந்தாலும் இருக்காட்டாலும் அது ஓடி முடிஞ்சு போச்சாம். தொண்ணூத்தேழுல தை மாசமே முடிஞ்சு போச்சாம்.”

“அப்ப எனக்குன்னு இனி ஒண்ணும் இல்லையா?”

நஃபீஸத் அவள் கழுத்தைப் பார்த்தாள். கருகமணியைக் காட்டி, “இதைக் கழத்தணும்னும் இல்லையாம், கழத்தக் கூடாதுன்னும் இல்லையாம். ஒன் இஷ்டமாம்” என்றாள்.

நன்றாக இருக்கிறது கதை. எடுத்து வைத்திருக்கிறது என்று அவள் நம்பின நாட்கள், அவள் தனக்கு மட்டும் சோறு பொங்கப் பழகிக்கொண்டிருந்த அந்தக் குளிர்மாசங்களிலேயே ஆள் இல்லாமல் கழிந்து போயிருந்தன. துணைக்கு ஆள் வந்து படுத்திருக்க வேண்டிய ராத்திரிகளில் அவள் ஒற்றையாய்க் கிடந்து, ‘அந்த நாள் வரும்’ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அந்த நாள் என்று அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் வரை ஆட்கள் வந்தார்கள். நாலாம் நாள் நஃபீஸத்தும் முட்டிவலி என்று வீட்டோடு இருந்துவிட்டாள். அப்புறம் சந்து பழைய சந்து. ஹமீது பீவி வெள்ளைப் புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். கடைக்காரர் பூப்போட்ட துணி கொடுத்துவிட்டிருந்தார். தைத்தாள். தொழுதாள். கையேந்தினால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எதற்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்ட வீட்டில் இருப்பது, வராத வீட்டில் இருப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. முன்பெல்லாம் தனிமை என்றால் ஒருவர் வருகிற வழியில் இருக்கிறார் என்று அர்த்தம். இப்போது வருவதற்கு யாரும் இல்லை.

புரட்டாசி வந்தது. தாக்கல் வருகிற மாசம். கைபேசியை மெஷின் மேலேயே வைத்துக்கொண்டாள். வரவில்லை. மாசம் பாதி ஓடியும் வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று முதலில் பயந்தாள். பிறகு காரணம் உறைத்தது, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மத்தியானம் துணியை அப்படியே ஊசிக்கடியில் விட்டுவிட்டுத் தானே கூப்பிட்டாள்.

“யாரு?”

“ஐஸ்காரி பேசுதேன்.” ஊர் வைத்த பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

“தங்கச்சி! நல்லாருக்கியா?”

“இருக்கேன். மூக்கு எங்கன நிக்குன்னு இந்த வருசம் நீங்க சொல்லலையே?”

“கனிதான் வந்துட்டானே தாயி. இனி உனக்கு அது எதுக்குன்னு விட்டுட்டேன்.”

“அவிய வந்துட்டா எனக்கும் அந்த ஐஸுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்லைன்னு ஆயிருமா? இத்தனை வருசம் நான் எந்த ஒறவுக்காரியை இப்படித் தினமும் நெனச்சிருக்கேன் சொல்லுங்க?”

அவர் சொன்னார். போன வருசத்தைவிடக் கூடுதலாகவே ஏறியிருக்கிறது. முன்பு இதைக் கேட்டால் அவளுக்கு நெஞ்சு துள்ளும். இன்று கேட்கவே பிடிக்கவில்லை.

“அண்ணாச்சி, என் ஆளு வந்துட்டு. இனி அது உருகாண்டாம். நிப்பாட்ட முடியாதா?”

என்னமோ சந்துமுனைத் தண்ணீர்க் குழாயை அடைக்கச் சொல்கிற மாதிரிக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவர் காலமெல்லாம் பெரிய பெரிய ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்த பதில்தான் அது, ஆனால் இந்த ஒருத்தியிடம் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

“உடனே நிக்காது தங்கச்சி. இந்த நிமிசமே உலகத்துல எல்லாரும் அடுப்பைத் தணிச்சாலும் அது இன்னும் ரொம்ப வருசம் உருகும். பட்ட சூடு உள்ள போயிட்டுலா. அந்தச் சூட்டுக்கு உருக வேண்டியதை உருகித் தீர்த்துட்டுத்தான் அது நிக்கும். இப்பவே தணிச்சா கொஞ்சம் மேல போயி நிக்கும். தணிக்காட்டா முழுசாப் போயிரும்.”

“பட்டது அன்னைக்கு. உருகுதது இன்னைக்கு. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

ஊசிக்கடியில் பூப்போட்ட துணி பாதித் தையலில் நின்றது. கதவு திறந்து கிடந்தது. அன்றைக்கு அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் ‘சரி, அவிய எங்க’ என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு வயது இருபத்து மூன்று. கனி மலைக்குக் கிளம்பும்போது, இப்பவே கதை அளக்காதீய, திரும்பி வந்து சொல்லுங்க என்று அவனைக் கேலி செய்து அனுப்பியவள் அவள்.

முதலில் ஒரு கமறல் வந்தது. அடுத்தாற்போல் இன்னொன்று. பிறகு அவளால் பிடித்து நிறுத்த முடியவில்லை. மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சந்துக்கே கேட்கிற மாதிரி, “அல்லாவே, அவிய போயிட்டாவளே, அவிய போயிட்டாவளே” என்று ஹமீது பீவி அழுதாள். இன்று காலையில்தான் செய்தி வந்த மாதிரி அழுதாள். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்தினார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஆறுதல் ஒன்றும் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் போனை வைக்கவில்லை.